பச்சை காட்டியது எந்தக் கணினி? ஒரு செம்பனை ஆலையின் வேபிரிட்ஜில் நடந்தது

2025 அக்டோபர் 13, திங்கட்கிழமை. தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. காலை 7.20க்கு ஆலையின் வேபிரிட்ஜில், அதாவது லோரியை எடைபோட்டு டிக்கெட் கொடுக்கும் இடத்தில், வேலை செய்யும் கிராணி (எழுத்தர்) அக்கா அழைத்தார். "தம்பி, டிக்கெட் வரமாட்டேங்குது. எடை காட்டுது, சேவ் பண்ணினா அப்படியே நின்னுபோகுது. வெளியே ஏழு லோரி நிக்குது."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியைத் திறந்து கண்காணிப்புத் திரையைப் பார்த்தேன். வேபிரிட்ஜ் கணினிக்கு நேரே பச்சை. சிபியு சாதாரணம், மெமரி சாதாரணம், சி டிரைவில் 140 ஜிபி காலி. "கணினி நல்லாத்தான் இருக்கு அக்கா, மென்பொருளை மூடித் திறந்து பாருங்க" என்று சொன்னேன். அவர் மூடித் திறந்தார். வரவில்லை. கணினியையே அணைத்துப் போட்டார். வரவில்லை. தரவுத்தளத்தில் ஏதோ கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைத்து, இருந்த இடத்திலிருந்தே அதைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சையை நம்பியதில் 40 நிமிடம் போனது.

பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஆலைக்கே போய்விட்டேன். வேபிரிட்ஜ் குடிலில் அக்காவின் திரையில் சி டிரைவைத் திறந்து பார்த்தால் காலி இடம் பூஜ்யம். என் மடிக்கணினித் திரையில் அதே பெயர், அதே கணினி, 140 ஜிபி காலி. இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. இத்தனை நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்தது இந்தக் கணினியை அல்ல.

இந்த ஆய்வை எழுதுவதற்கு அதுதான் காரணம். ஏஜெண்ட், அதாவது கணினியில் இருந்துகொண்டு அதன் நிலையைக் கண்காணிப்பு சர்வருக்குச் சொல்லும் சிறிய நிரல், ஓடுகிறதா என்று எல்லோரும் கேட்கிறோம். எந்தக் கணினியில் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் அந்தக் காலை எப்படி முடிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எடை காட்டும் இண்டிகேட்டர் தனிக் கருவி. தளத்துக்கு அடியில் எடையை உணரும் லோட் செல்களிலிருந்து அது நேராக எடையைப் படித்து, ஒரு சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி படுத்தாலும் இண்டிகேட்டரில் எண் தெரியும். அக்கா கையெழுத்து டிக்கெட் காலத்திலிருந்து வேலை செய்பவர், அதனால் நான் வந்து சேர்வதற்குள் ஒரு நீலப் புத்தகத்தை எடுத்து லோரி எண், தோட்டம், உள்ளே வந்த எடை, நேரம் என்று கோடு போட்டு எழுத ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் ஓட்டுநரிடம் கையெழுத்தும் வாங்கினார். குலையோடு வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஓர் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பணம். ஆகவே நடுவில் மாட்டிக்கொண்ட லோரிகள்தான் பெரிய சிக்கல்: உள்ளே வந்த எடை கணினியில் இருக்கும், வெளியே போகும் எடை புத்தகத்தில் இருக்கும். அப்படி நான்கு லோரிகள் இருந்தன. நான்கையும் அக்காதான் பிறகு உட்கார்ந்து பொருத்தினார். 9.50க்கு மென்பொருள் திரும்ப வந்தது. அதற்குள் சாலையோரம் வரிசை ஆற்றுப்பக்கத் திருப்பம் வரை போயிருந்தது.

இரண்டரை மணி நேரத் தாமதம் வெளியில் இருப்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். பாமாயில் எடுக்கும் செம்பனைப் பழம் அப்படிப்பட்டது அல்ல. குலையை வெட்டிய நேரத்திலிருந்தே, குறிப்பாக அடிபட்ட பழத்தில், உள்ளிருக்கும் நொதி எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஆலையில் நீராவியில் வேகவைத்தால்தான் அது நிற்கும். அதனால்தான் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போய்விட வேண்டும் என்று தோட்டத்தில் விரட்டுகிறார்கள். கச்சா எண்ணெயில் இந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். அதுவும் அன்று திங்கட்கிழமை, சனிக்கிழமை மாலை வெட்டிய குலையும் சில லோரிகளில் இருந்தது. சிறு தோட்டக்காரர் ஒருவர் தன் பிக்அப் வண்டியில் ஒரு டன்னுக்கும் குறைவாகக் கொண்டுவந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தார். தீபாவளிச் செலவுக்கு அவர் நம்பியிருந்தது அந்த டிக்கெட்டைத்தான். என் அப்பாவும் குலை வெட்டியவர். அந்த மனிதரிடம் போய் "சிஸ்டம் டவுன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். இது மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கில், பாகான் டத்தோ மாவட்டத்தில் உள்ள ஊத்தான் மெலிந்தாங். பெர்னாம் ஆற்றங்கரை, சுற்றிலும் செம்பனையும் தென்னையும். ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை. டவுனில் ஒரு கடை வரிசையின் மாடியில் என் சிறிய அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு ஸாபிக்ஸ் சர்வர் வைத்து ஆலையின் கணினிகளையும் பக்கத்துத் தோட்ட அலுவலகங்கள் சிலவற்றையும் கவனித்துக்கொள்கிறேன். ஸாபிக்ஸ் என்பது கணினிகளைக் கண்காணிக்கும் திறந்த மூல மென்பொருள், லாட்வியாக்காரர் அலெக்ஸி விளாடிஷெவ் தொடங்கியது, 2001இல் பொதுவில் வந்தது. உரிமக் கட்டணம் இல்லை. எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கு அது பெரிய விஷயம். நாங்கள் ஓட்டுவது 7.0 பதிப்பு.

ஒவ்வொரு கணினியிலும் ஒரு ஏஜெண்ட் இருக்கிறது. அது இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று பாசிவ்: சர்வர் கேட்கும், ஏஜெண்ட் 10050ஆம் போர்ட்டில் (நெட்வொர்க்கில் செய்தி வந்து போகும் எண்ணிட்ட வாசல்) காத்திருந்து பதில் சொல்லும். மற்றது ஆக்டிவ்: ஏஜெண்ட் தானே சர்வரின் 10051ஆம் போர்ட்டுக்கு வந்து "என் பெயர் இது, நான் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்" என்று கேட்டுப் பட்டியலை வாங்கிக்கொண்டு, பார்த்ததை அனுப்பிக்கொண்டிருக்கும். ஆலை ஒரு ரூட்டருக்குப் பின்னால் இருக்கிறது, வெளியிலிருந்து உள்ளே வர வழி திறக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் எல்லாமே ஆக்டிவ்.

இங்கேதான் விஷயம். பாசிவ் முறையில் சர்வர் ஓர் ஐபி முகவரியைத் தேடிப் போகிறது. ஆக்டிவ் முறையில் யார் வந்து எந்தப் பெயரைச் சொன்னாலும், அந்தப் பெயர் பட்டியலில் இருந்தால் சர்வர் ஏற்றுக்கொள்ளும். ஏஜெண்டின் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஹோஸ்ட்நேம் என்று ஒரு வரி. ஏஜெண்டின் அடையாளம் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

சரி, என்ன நடந்தது?

செப்டம்பர் முதல் வாரத்தில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தன. செப்டம்பர் 2ஆம் தேதி, விடுமுறை முடிந்து திரும்பியதும், வேபிரிட்ஜ் கணினியின் விண்டோஸ் கணக்குக் கடவுச்சொல்லை மாற்றினோம். மாற்ற வேண்டியதுதான், பலருக்கும் தெரிந்த பழைய சொல் அது. ஆனால் பழைய லோரிப் படங்களை அழிக்கும் ஒரு வேலை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், அதே கணக்கின் பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்து ஒவ்வோர் இரவும் ஓடிக்கொண்டிருந்தது. கடவுச்சொல் மாறியதும் அது நின்றுவிட்டது. ஒவ்வொரு லோரிக்கும் உள்ளே வரும்போது நான்கு படம், வெளியே போகும்போது நான்கு படம் என்று கேமரா எடுத்து சி டிரைவில் வைக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 12 எம்பி. நாளைக்கு நூற்றைம்பது லோரி என்றால் 2 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. அன்று சி டிரைவில் காலியாக இருந்தது 70 ஜிபி. கணக்குப் போட்டால் அக்டோபர் நடுவில் நிறையும். அப்படியே நிறைந்தது.

இதற்கெல்லாம்தானே கண்காணிப்பு வைத்திருக்கிறோம். காலி இடம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் எனக்குச் செய்தி வர வேண்டும், அதாவது 44 ஜிபிக்குக் கீழே. செப்டம்பர் பதினெட்டு, பத்தொன்பது வாக்கில் வந்திருக்க வேண்டிய செய்தி அது. வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு இரண்டாவது வேலை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் ஆதரவை நிறுத்துவதாக அறிவித்திருந்தது. எடைபோடும் மென்பொருள் விண்டோஸ் 11இல் ஒழுங்காக ஓடுமா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை, என்னிடம் வேலை செய்யும் தம்பி வேபிரிட்ஜ் கணினியின் வட்டை அப்படியே நகலெடுத்து ஸ்டோரில் இருந்த வேறொரு கணினியில் போட்டு, படக் கோப்புகளை அழித்து இடம் பண்ணி, விண்டோஸ் 11க்கு ஏற்றினார். நல்ல வேலை. விண்டோஸில் கணினியின் பெயரை மாற்றினார், ஐபி முகவரியை மாற்றினார். ஏஜெண்ட் ஓடவில்லை என்று தெரிந்ததும் கான்ஃபிக் கோப்பைத் திறந்து, எந்த ஐபியில் காது கொடுக்க வேண்டும் என்று சொல்லும் வரியையும் சரியாக மாற்றினார். ஏஜெண்ட் ஓடியது. இரண்டு வரி கீழே இருந்த ஹோஸ்ட்நேம் எந்தப் பிழையும் காட்டவில்லை, அதனால் அது அப்படியே இருந்தது.

தம்பியின் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். பிழை காட்டிய வரியை அவர் திருத்தினார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நகலெடுக்கும்போது எதை எதை மாற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுக்காதது என் பொறுப்பு.

அன்றிலிருந்து எட்டு நாள் இரண்டு கணினிகள் ஒரே பெயரில் சர்வரிடம் பேசின. ஒன்று "64 ஜிபி காலி" என்றது. அடுத்த நொடியில் மற்றது "140 ஜிபி காலி" என்றது. சர்வர் இரண்டையும் ஒரே கணினியின் வரலாறாக எழுதி வைத்தது. பிறகு அந்த வரைபடத்தை நெருக்கிப் பார்த்தபோது ரம்பத்தின் பல்லைப் போல மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எந்த வட்டும் ஒரு நிமிடத்தில் 70 ஜிபிக்கு மேல் நிறைந்து அடுத்த நிமிடத்தில் காலியாகாது. பார்த்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். இயங்குதளம் என்ன என்று பதியும் இடத்திலும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11, மறுபடி 10, மறுபடி 11 என்று மாறி மாறி வந்திருக்கிறது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 20 விழுக்காட்டைத் தாண்டாதவரை செய்தி வராது, செய்தி வராதவரை வரைபடத்தைத் திறப்பதில்லை, இதுதான் எங்கள் பழக்கமாக இருந்தது.

அப்புறம் செப்டம்பர் 13, சனிக்கிழமை இரவு. ஆலைக்கு மின்சாரம் பெரும்பாலும் ஆலையிலிருந்தே வருகிறது: பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியில் டர்பைன் சுற்றும். டர்பைன் திடீரென்று நின்றால் டீசல் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும், ஆனால் நடுவில் ஓர் அரை நிமிட இருட்டு இருக்கும். அன்று இரவு அப்படி நின்றது. வேபிரிட்ஜ் குடிலில் இருந்த யுபிஎஸ்ஸின் பேட்டரி பழசு, தாங்கவில்லை. மின்சாரம் திரும்பியதும் கணினி எழுந்தது. ஆனால் குடிலின் நெட்வொர்க் சுவிட்ச் எழ அதைவிட அதிக நேரம் எடுத்தது. கேபிளில் உயிர் இல்லாதபோது விண்டோஸ் அந்த ஐபியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளவில்லை, ஏஜெண்ட் அந்த ஐபியில் 10050ஆம் போர்ட்டைப் பிடிக்கப் பார்த்தது, பிடிக்க முடியவில்லை, நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. அந்தக் கோப்பின் கடைசி வரி அதுதான். ஒரு மாதம் கழித்து நான் அதைப் படித்தேன்.

அதன் பிறகு வேபிரிட்ஜின் பெயரில் பேசியது ஸ்டோர் அறையில் ஒரு மூலையில் சும்மா ஓடிக்கொண்டிருந்த கணினி மட்டும்தான். ரம்பப் பல் நின்று, கோடு 140 ஜிபியில் நேராகப் படுத்துவிட்டது. பார்க்க அவ்வளவு நல்ல கோடு.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஸாபிக்ஸின் பழைய 6.0 பதிப்பில் இருந்தபோது, ஆக்டிவ் மட்டும் ஓடும் கணினிகளுக்கு நேரே திரையில் காட்டும் அந்தச் சின்னம் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், சர்வருக்குத் தெரியாது என்று பொருள். 6.2 முதல் ஆக்டிவ் ஏஜெண்டும் இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று ஒரு துடிப்பு அனுப்புகிறது, அதை வைத்து சின்னம் பச்சையாகிறது. நல்ல வசதி, வந்தபோது எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்தத் துடிப்பும் ஹோஸ்ட்நேமைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறது. சாம்பலாக இருந்த காலத்தில் அவ்வப்போது நேரில் போய்ப் பார்ப்பேன். பச்சை வந்த பிறகு போவதை நிறுத்திவிட்டேன்.

திருத்தங்களுக்கு வருகிறேன். சர்வீஸ் விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிறையப் பேருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது. பின்னணியில் ஓடும் நிரல்களைக் காட்டும் விண்டோஸ் சர்வீஸ் பட்டியலில் ஏஜெண்டுக்கு நேரே ஆட்டோமேட்டிக் என்று இருந்தால் அது எப்போதும் ஓடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கணினி எழும்போது அதைத் தொடங்கப் பார்க்கும், அவ்வளவுதான். தொடங்கி உடனே செத்துவிட்டால், ரெக்கவரி பகுதியில் நீங்கள் எதுவும் சொல்லி வைக்கவில்லை என்றால், அது செத்தே கிடக்கும். இப்போது ஒன்றைத் தவிர எல்லாக் கணினிகளிலும் தாமதத் தொடக்கம் வைத்திருக்கிறோம். ரெக்கவரியில் முதல் தடவை, இரண்டாம் தடவை, அதற்குப் பிறகு, மூன்றுக்கும் மறுபடி தொடங்கு என்று வைத்திருக்கிறோம். அதோடு, சர்வீஸ் பிழையோடு தானாக நின்றாலும் இதைச் செய் என்று சொல்லும் பெட்டியையும் டிக் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால், செயலி நொறுங்கி விழுந்தால் மட்டும்தான் விண்டோஸ் தூக்கி நிறுத்தும். பிழை சொல்லிவிட்டு ஒழுங்காக விடைபெறும் சர்வீஸை அது நின்றதாகவே ஏற்றுக்கொள்ளும்.

அந்த ஐபி வரியையும் எடுத்துவிட்டோம். யோசித்தால் அது தேவையே இல்லை. எல்லாம் ஆக்டிவ் என்னும்போது எதற்கு ஒரு போர்ட்டில் காது கொடுக்க வேண்டும்? பழைய வகை ஏஜெண்டில் ஸ்டார்ட்ஏஜெண்ட்ஸ் என்ற வரியில் 0 என்று போட்டால் பாசிவ் பகுதியே தொடங்காது, எந்த போர்ட்டும் திறக்காது. பிடிக்க போர்ட் இல்லை என்றால் பிடிக்க முடியாமல் சாகவும் முடியாது, பாதுகாப்புக்கும் நல்லது. ஏஜெண்ட் 2 வைத்திருப்பவர்களுக்கு இந்த வரி கிடையாது, அவர்கள் ஐபி வரியை எடுத்துவிட்டால் போதும்.

அடுத்தது பெயர். ஹோஸ்ட்நேம் வரியையே நீக்கிவிட்டோம். அது இல்லாவிட்டால் ஏஜெண்ட் விண்டோஸிடம் கணினியின் பெயரைக் கேட்டு அதைப் பயன்படுத்தும். நகலெடுத்தவர் விண்டோஸில் பெயரை மாற்றினால் ஏஜெண்டும் தானாக மாறிவிடும், சர்வரில் அந்தப் புதுப் பெயர் இல்லாததால் தரவு உள்ளே வராது, அல்லது தானியங்கிப் பதிவு வைத்திருந்தால் புதுக் கணினியாக வந்து நிற்கும். இரண்டில் எது நடந்தாலும் நமக்குத் தெரிந்துவிடும். ஒரு கவனம்: விண்டோஸ் இப்படிக் கொடுக்கும் பெயர் பெரிய எழுத்தில், 15 எழுத்துக்குள் வெட்டப்பட்டு வரும். சர்வரில் அதே மாதிரி எழுத வேண்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினாலும் அதற்கு அது வேறு கணினிதான்.

ரகசியச் சாவி வைத்துக் குறியாக்கம் செய்தால் இது வராதே என்று ஒரு நண்பர் கேட்டார். செய்யலாம், செய்யவும் வேண்டும், ஆனால் வட்டை நகலெடுக்கும்போது சாவிக் கோப்பும் சேர்ந்துதானே போகிறது. இந்தச் சிக்கலுக்கு அது மருந்தல்ல.

மருந்தாக வேலை செய்தது வேறொன்று. வட்டோடு நகலாகாத ஓர் அடையாளத்தை ஏஜெண்ட் வழியாகவே வாங்கிக்கொள்வது. பயாஸில் (கணினியின் தாய்ப்பலகையிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) இருக்கும் சீரியல் எண்ணை ஏஜெண்டால் விண்டோஸிடம் கேட்டு வாங்க முடியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை வாங்கி, முந்தைய எண்ணிலிருந்து மாறினால் உடனே செய்தி அனுப்பு என்று வைத்தோம். கடையில் கூட்டிக்கட்டிய கணினிகளில் அந்த இடத்தில் சீரியலுக்குப் பதில் "உற்பத்தியாளர் நிரப்பவும்" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம்தான் இருக்கும், எங்களிடம் அப்படி மூன்று கணினிகள். அவற்றுக்கு நெட்வொர்க் கார்டிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்ணான மேக் முகவரியை எடுத்துக்கொண்டோம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கும் கணினி அடையாள எண்ணை எடுக்காதீர்கள், அது நகலோடு போய்விடும். ஒரு கணினியில் முயன்று பார்க்க ஸ்டோர் கணினியை மறுபடி பழைய பெயரில் பேசவிட்டோம், சற்று நேரத்தில் என் கைத்தொலைபேசி அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தம்பி கைதட்டினார்.

வேபிரிட்ஜுக்கு மட்டும் இன்னொரு சோதனை. எடை மென்பொருள் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு சிறிய கோப்பைப் புதுப்பிக்கிறது. அது கடைசியாக எப்போது மாறியது என்று பார்த்து, காலை 7 முதல் மாலை 6 வரை 45 நிமிடம் மாறாமல் இருந்தால் செய்தி. முதலில் 30 நிமிடம் வைத்தேன். "மழை புடிச்சா லோரி எறங்காது தம்பி, அரை மணி நேரம்லாம் சாதாரணம்" என்று அக்கா சொன்னார், மாற்றினேன். வட்டு நிறைந்தாலும், கேபிள் கழன்றாலும், தரவுத்தளம் கெட்டாலும், காரணம் எதுவானாலும் டிக்கெட் வரவில்லை என்பதை இது சொல்லும். செப்டம்பரில் இது இருந்திருந்தாலும் வட்டு நிறைவதைத் தடுத்திருக்காது, ஆனால் அன்று காலை நான் அக்காவிடம் மூடித் திறக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

எல்லாம் மாற்றிய பிறகும் மனம் ஒப்பவில்லை. அக்டோபர் 26, ஞாயிறு, ஆலை ஓய்வில் இருந்தது. தம்பியும் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே போய், பட்டியலைப் பார்க்காமல், கண்ணில் படும் கணினிகளை எல்லாம் நடந்தே எண்ணினோம். பதினான்கு. ஸாபிக்ஸ் பட்டியலில் பன்னிரண்டு. ஒன்று அந்த ஸ்டோர் கணினி, இன்னொன்று காவலாளி கொட்டகையில் யாரோ கொண்டுவந்து வைத்தது, எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டையும் சேர்த்துவிட்டு, ஒவ்வொரு கணினியிலும் ஏஜெண்டைக் கையால் நிறுத்தி, என் கைத்தொலைபேசிக்குச் செய்தி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தோம். ஐந்து நிமிடம் தரவு வராவிட்டால் செய்தி வர வேண்டும் என்பது விதி. பதினொன்று ஒழுங்காக வந்தன.

மூன்று வரவில்லை. கணக்கு அலுவலகக் கணினியைச் சுவருக்குச் சாயம் பூசியபோது பராமரிப்பு நிலையில் போட்டிருந்தோம், ஒரு மாதத்துக்குப் பதில் ஒரு வருடம் என்று தேதி விழுந்திருந்தது. ஆய்வகக் கணினியின் பெயரில் ஓர் எழுத்து சர்வரில் சிறியதாகவும் ஏஜெண்டில் பெரியதாகவும் இருந்தது. அந்தப் பெயரில் ஹோஸ்ட் இல்லை என்று அதன் லாக் பல மாதமாகத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. சர்வரிலும் பிரச்சினை என்று எப்போதோ வந்து, யாரோ, அநேகமாக நானே, அதை மறைத்து வைத்திருக்கிறோம். ஏற்கெனவே திறந்து கிடக்கும் பிரச்சினைக்குப் புதுச் செய்தி வராது. மூன்றாவது, வருகைப் பதிவுக் கணினி. சர்வர் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் அதற்கு மட்டும் செய்தி போவது தோட்ட அலுவலகத்துக் கிராணி ஒருவருக்கு, அவருடைய அமைப்பில் திங்கள் முதல் வெள்ளி வரை என்று நேரம் வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சோதித்ததால் தெரிந்தது.

ஆய்வகக் கணினி என்னை ரொம்ப வருத்தியது. எண்ணெயின் அமில அளவைப் பதியும் கணினி அது.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு இதைச் செய்கிறோம். பதினான்கையும் அல்ல, நான்கு நான்காக, எவை என்று சீட்டுக் குலுக்கி. நிறுத்துவது தம்பி, செய்திக்குக் காத்திருப்பது நான், எந்தக் கணினி என்று அவர் எனக்குச் சொல்லக் கூடாது. வந்த செய்தியில் இருக்கும் பெயரையும் சீரியலையும் நான் சொல்ல வேண்டும், அவர் கணினியின் பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துச் சரிபார்ப்பார். நகலெடுக்கும்போது மாற்ற வேண்டியவற்றை எழுதி ஸ்டோர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். யுபிஎஸ் பேட்டரி மாற்றியாயிற்று. படம் அழிக்கும் வேலை இப்போது யாருடைய கடவுச்சொல்லையும் நம்பி ஓடவில்லை, சிஸ்டம் கணக்கில் ஓடுகிறது, ஓடி முடித்ததும் ஒரு கோப்பில் நேரத்தை எழுதுகிறது, அந்த நேரத்தையும் ஏஜெண்ட் பார்க்கிறது.

கொதிகலன் அறையில் இருக்கும் பழைய கணினி ஒன்று மட்டும் பாக்கி. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று விற்றவர் சொல்வதால், ரெக்கவரி அமைப்பை மாற்ற எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். அதுவரை தம்பி காலையில் அந்தப் பக்கம் போகும்போது சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்த்து, அக்காவின் நீலப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்.